அடியில் எழுத வேண்டிய பெயர்

அப்பா இறந்த அன்று காலை பிளக்ஸ் கடை ஷிபு போனில் கேட்டான்: "சேச்சி, போட்டோ கிட்டி. அங்கிளுக்கப் பேரும் வயசும் கிட்டி. அடியில எந்த டீமுன்னு போடணும்?"

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் ஜங்ஷனில் பிளக்ஸ் கட்டுவார்கள். மேலே மலையாளத்தில் 'ஆதராஞ்சலிகள்'. நடுவில் படம். அடியில் அஞ்சலி செலுத்தும் சங்கத்தின் பெயர். அப்பா எந்தச் சங்கத்திலும் இல்லை. அவருக்கு இருந்தது ஒரு ஹாக்கி டீம். அந்த டீமின் பெயர் என்ன என்பதுதான் சிக்கல். பிற்பகல் அடக்கத்துக்குள் பிளக்ஸ் கட்டியாக வேண்டும். தவறான பெயரின் மேல் அப்பாவை நிறுத்திவைக்க எனக்கு மனம் வரவில்லை.

"இப்பம் சொல்லுதேன் ஷிபு," என்று வைத்துவிட்டேன்.

அப்பா தாசையன், பொன்முடியில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் வேன் ஓட்டுநர். எஸ்டேட்டுக்கு ஒரு டீம் இருந்தது. சனிக்கிழமைகளில் அவர்களை ஏற்றிக்கொண்டு கொண்டைஊசி வளைவுகளில் இறங்கி வருவார். நகரத்தில், சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்து ஆடும் சின்ன லீக் ஒன்று தொடங்கியது. முதலில் நான்கு டீம்கள். அவற்றில் பொன்முடியும் ஒன்று.

இரண்டு சீசனில் எஸ்டேட்டுக்கு அலுத்துவிட்டது. கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி டீமை வாங்கியது. ஆட்டக்காரர்கள், ஸ்டிக்குகள், வலை, வேன், வேனோடு அப்பா. பெயர் கழக்கூட்டம் கோடர்ஸ் ஆனது. கம்பெனி பெங்களூருக்குப் போனபோது ஒரு டைல்ஸ் கடைக்காரர் எடுத்தார், டைல்ஸ் டைகர்ஸ். பிறகு சாலை பஜார் வியாபாரிகளின் டீமோடு சேர்த்தார்கள், சாலை டைகர்ஸ். லீக் எட்டு டீம்களாக வளர்ந்தபோது ஆட்டக்காரர்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். அப்பா போன பாதி அனந்தை வாரியர்ஸ்.

ஒவ்வொரு முறையும் புதுச் சட்டை, புது நிறம். அப்பாவின் வேலை மட்டும் மாறவில்லை. வேன் ஓட்டுவது, சட்டைகளைத் துவைப்பது, ஸ்டிக்குகளுக்கு டேப் சுற்றுவது. கோல்கீப்பரின் பேடுகளை எங்கள் மொட்டைமாடியில் காயப்போடுவார். வீடு முழுக்க வியர்வை நாற்றம் அடிக்கும். அம்மா தாசம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதயும் சேத்தாக்கும் கெட்டணும்னு தெரிஞ்சிருந்தா எங்கப்பன் என்னத் தந்திருக்க மாட்டாரு," என்பாள். "உங்கப்பன் ஏமாந்தாரு," என்பார் அப்பா.

டீமின் பெயரை அவர் வீட்டில் ஒருபோதும் சொன்னதில்லை. "நம்மட டீமு ஜெயிச்சு மக்களே," என்பார். அல்லது, "நம்மட டீமு தோத்து." அவ்வளவுதான்.

சீட்டுப் போட்டுப் பிரித்ததில் கோல்கீப்பர் விஜின் நெய்யாற்றின்கரையின் புது டீமுக்குப் போனான். இரண்டு டீமும் முதல்முறை மோதியபோது நானும் பார்க்கப் போயிருந்தேன். பாதி ஆட்டத்தில் விஜினின் பேடு வார் அறுந்தது. அப்பா இந்தப் பக்கத்து பெஞ்சிலிருந்து எழுந்து, மைதானத்தைச் சுற்றி ஓடி, அந்தப் பக்கம் போய் மண்டியிட்டு வார் மாற்றினார். தண்ணீரும் கொடுத்தார். கடைசி நிமிடங்களில் விஜின் ஒரு பெனால்டியைத் தடுத்தான். நாங்கள் தோற்றோம்.

டீம் முதலாளி அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "தாசையா, நீ ஆருக்காக்கும் பணியெடுக்குது? அவன் மற்ற டீமல்லே?"

"மற்ற டீமா? அது நம்மட விஜினாக்கும் சாரே. சட்டயல்லே மாறியது?"

அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கு அப்பாவை வர வேண்டாம் என்றார்கள். அவர் டிக்கெட் எடுத்து கேலரியில் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு பக்கமும் கோல் விழும்போது கைதட்டினார். மூன்றாவது ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போனார்.

இறந்த அன்றும் விடிந்ததுமே பேடுகளைக் காயப்போட்டுவிட்டு இறங்கிவந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

நான் லீக் செயலாளர் ராமசுப்ரமணியனை அழைத்தேன். கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரர்.

"இப்போ இருக்கற பேர்னா வாரியர்ஸ்தாம்மா," என்றார். "ஆனா அதுவும் மாறப்போறது. வேற ஒருத்தர் வாங்கறார். பழசைப் போட்டா அவர் கோச்சுப்பார்."

"புதுப் பேரு என்ன சார்?"

"அது இன்னும் முடிவாகலை. முடிவானாலும் தாசையனுக்குத் தெரியாத பேர்தானே அது."

விஜினைக் கேட்டேன். "கோடர்ஸ்னு போடு சேச்சி. நான் அதிலல்லே வந்தது," என்றான். அம்மாவைக் கேட்டேன். "பொன்முடின்னு போடு. என்னக் கெட்டினது அப்பம்தானே," என்றாள்.

ஷிபு மறுபடி அழைத்தான். மெஷின் காத்திருக்கிறது என்றான். வாட்ஸ்அப்பில் மலையாளத்தில் எல்லாவற்றையும் அடித்தேன். அடியில் வரவேண்டிய இடத்தில் 'நம்மட டீம்' என்று அடித்து அனுப்பினேன். முடிவானதும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். என் தொழில் சாஃப்ட்வேர் சோதனை. தற்காலிகமாக எழுதி வைப்பதுதான் கடைசியில் வெளியே போகும் என்று புதிதாகச் சேருபவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். அதற்குள் சவப்பெட்டி வந்துவிட்டது. போதகரும் வந்தார். மறந்துபோனேன்.

பெட்டியை ஜங்ஷன் வழியாக எடுத்து வந்தபோது பிளக்ஸைப் பார்த்தேன். ஆதராஞ்சலிகள். அப்பா, சற்றே சாய்ந்த தலையுடன். அடியில் பெரிய சிவப்பு எழுத்தில்: நம்மட டீம்.

ஷிபு ஏணியில் நின்று ஒரு முனையைக் கட்டிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்தா சேச்சி? நீங்க அயச்சதத்தான் அடிச்சேன்," என்றான்.

அடக்கத்துக்கு வந்திருந்த ராமசுப்ரமணியன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "எந்த டீம்னு போடலையே," என்றார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

பெட்டிக்குப் பின்னால் ஆட்டக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். யாரோ சொல்லி, எல்லாரும் தங்கள் டீம் சட்டையிலேயே வந்திருந்தார்கள். பச்சை, மஞ்சள், ஊதா, சிவப்பு. எல்லாம் எங்கள் துணிக்கொடியில் காய்ந்த நிறங்கள், இல்லையென்றால் ஒருகாலத்தில் அந்த நிறங்களைப் போட்டிருந்த ஆட்கள்.

"மாத்தி அடிக்கட்டா?" என்று ஷிபு கேட்டான். "அர மணிக்கூறு போதும்."

அம்மா பிளக்ஸை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவளுக்கு மலையாளம் மெதுவாகத்தான் வரும். "வேண்டாம்," என்றாள். "அவரு சொன்னது போலத்தான் இருக்கு."

விஜின் மற்ற முனையின் கயிற்றை எடுத்துக் கம்பத்தில் இறுக்கிக் கட்டினான்.

அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. வெயிலில் சிவப்பு வெளுத்துவிட்டது. வாரியர்ஸ் கைமாறிவிட்டது. இந்த சீசனில் லீக்கில் இன்னும் இரண்டு டீம்கள் சேர்ந்திருக்கின்றன. பிளக்ஸில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.