ரிலீவர் பாடிய கேசட்

வீட்டுக்குப் புதுக் குழந்தை வந்தால் பழைய குழந்தை கிளம்பிவிட வேண்டும் என்று எட்டு வயதில் நான் நம்பினேன். இன்று காரில் மகன் அப்பாவுக்குப் பிடித்த பழைய ராக் ஆல்பத்தைப் போட்டதும், ஐம்பதைத் தொடும் எனக்கு அது ஞாபகம் வந்தது.

அப்பா ஓசூர் கம்பெனியொன்றில் லேத் மெஷின் ஓட்டினார். அவருடைய பிரியமான ஆங்கில இசைக்குழுவின் புதுக் கேசட்டில் குரல் வேறாக இருந்தது.

"பழைய பாட்டுக்காரர் எங்கப்பா?"

"அவரு போயிட்டாருடா. இவரு ரிலீவர்."

ரிலீவரை எனக்குத் தெரியும். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து மெஷினைப் பிடித்தால், இருந்தவர் நடையைக் கட்ட வேண்டும்.

அதே வாரம் அம்மாவின் நிறைவயிற்றைக் காட்டி, "உனக்கும் ரிலீவர் வரப்போவுதுடா" என்று அப்பா சிரித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கேசட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழைய ஆளின் படம்கூட இல்லை!

குழந்தை பிறந்த அன்று, பள்ளிப் பையில் இரண்டு டிரவுசரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நிலவரம் சொல்லாமல் ஷிப்ட் மாறக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். தொட்டிலருகே குனிந்தேன்.

"அம்மா கோவமா இருந்தா வாயத் தொறக்காத. அப்பாவுக்குக் கால் அமுக்குனா முட்டாய் கெடைக்கும். நான் வரேன்."

"எங்கடா கெளம்பற?" என்றாள் அம்மா.

"ரிலீவர் வந்தாச்சில்ல?"

"ஏனுங்க, பையங்கிட்ட என்னத்தச் சொல்லி வெச்சீங்க?"

அப்பா என் பையை வாங்கிக்கொண்டார். "பாப்பாவுக்கு வேல தெரியாதுடா. உனக்கு டபுள் ஷிப்ட்."

அந்தப் பழைய பாடகர் குழுவுக்குத் திரும்பவில்லை. நான் எங்கும் போகவில்லை. அன்று மாலை தங்கையின் ஈரத்துணிகளைக் கொடியில் காயப்போட்டேன்.