டீன் வண்டியின் ஹேண்ட்பிரேக்

முதுகைக் கொடுத்து ஒரு காரைத் தள்ளிக்கொண்டே, வாசலில் நிற்கும் இன்னொரு காரைக் கையசைத்து உள்ளே அழைப்பார் காவலாளி துர்திமத். தாஷ்கண்டில் எங்கள் பல்கலைக்கழகத்தின் வண்டி நிறுத்தம் அவருடைய ராஜ்ஜியம். இருப்பது நூறு வண்டிக்கு இடம். முந்நூறு பேரிடம் அனுமதிச் சீட்டு. எங்கே நிறுத்துவது என்று கேட்டால், "உள்ள விட்டாச்சில்ல? அப்புறம் என்ன கேள்வி?" என்பார்.

ஆகவே வண்டிக்கு முன்னால் வண்டி, அதற்கும் முன்னால் இன்னொன்று. மறித்து நிறுத்துகிறவர்கள் ஹேண்ட்பிரேக் போடாமல் போக வேண்டும். தேவைப்பட்டால் இவர் தள்ளி நகர்த்துவார். எல்லாமே வெள்ளைக் கார்கள்தான். ஆனாலும் எது யாருடையது என்பது அவருக்கு அத்துப்படி. துணைவேந்தர் வண்டி வந்தால் நெஞ்சில் கைவைத்துக் குனிந்து வணங்குவார். பேராசிரியர் வண்டியைத் தோளால் பதமாகத் தள்ளுவார். வெறும் விரிவுரையாளனான என் வண்டிக்குக் கால்தான். அவருடைய பூட்ஸ் தடம் என் பம்பரில் இன்னும் இருக்கிறது.

டீன் மட்டும் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவார். அவர் வண்டியில் கைவைக்க எவனுக்குத் துணிச்சல்?

போன வியாழக்கிழமை அந்த வண்டி சும்ராத்தின் காரை மறித்து நின்றது. சும்ராத் என் துறையில் பாடம் எடுப்பவள். மகளுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, உடனே வாருங்கள் என்று பாலர் பள்ளியிலிருந்து அழைத்திருந்தார்கள். துர்திமத்திடம் ஓடி வந்தாள்.

"டீனைக் கூப்பிடுங்கண்ணே!"

"வியாழக்கிழமைம்மா, ஊரே புலாவு சாப்பிடுற நாள்! புலாவுல கை வச்ச மனுஷனை எழுப்பச் சொல்றியா? என் வேலை போயிரும். டாக்ஸி பிடிச்சுப் போயேன்."

"பத்து நிமிஷமா ஃபோன்ல டாக்ஸி கூப்பிடுறேன், ஒருத்தனும் வரலைண்ணே. புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் டீ குடிப்பாரு. அதுக்கப்புறம் நானே பக்குவமாச் சொல்றேன்."

பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பிலிருந்து பன்னிரண்டு மாணவர்களைக் கூட்டி வந்தேன்.

"ஒண்ணு, ரெண்டு, தூக்கு!"

அலாரம் அலற அலற டீன் வண்டி நகர்ந்தது. "அடப்பாவிகளா, என் சோத்துல மண்ணைப் போட்டீங்களே!" என்று துர்திமத் தலையில் அடித்துக்கொண்டார். வளாகத்திலேயே காலியாகக் கிடந்தது துணைவேந்தரின் இடம் ஒன்றுதான். அதில் கொண்டுபோய் இறக்கினோம். சும்ராத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்தாள்.

எங்களைத் திட்ட வாயெடுத்தபடி துர்திமத் திரும்பினார். வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று அப்போதுதான் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். வலக்கையை நெஞ்சில் வைத்து, அலறிக்கொண்டிருந்த ஆளில்லாத வண்டியைக் குனிந்து வணங்கினார்.