கண்ணூறுச் சுவர்

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கென்று சொல்லி வீடு கட்டுவார்கள். உண்மையில் அது அவளைக் கட்ட வருகிறவருக்குக் காட்டுவதற்கு. முல்லைத்தீவில் அப்பா எனக்காகக் கட்டிய சீதன வீடும் அப்படித்தான். கலியாணத்தோடு என் பேருக்கு உறுதி எழுதுவதாக ஏற்பாடு. கலியாணம் நடக்கவில்லை, உறுதியும் எழுதப்படவில்லை. அப்பாவும் பிறகு அம்மாவும் போனபின், வீடு எனக்கும் கனடாவில் இருக்கும் அண்ணைக்கும் பொதுவாக வந்தது. மாப்பிள்ளை என்று ஒருவர், குடிகாரனோ கள்ளனோ, வந்து நின்றிருந்தால் முழு வீடும் என்னுடையது. தனியே நின்ற குற்றத்துக்குப் பாதி. இது என்ன நியாயமோ, எனக்கு இன்றும் விளங்கவில்லை.

"தங்கச்சி, உதை வித்துப்போட்டு உனக்கு டவுனுக்குள்ள சின்னனா ஒண்டு பாப்பம். தனிய அவ்வளவு பெரிய வீட்டில என்ன செய்யப்போறாய்?" என்று அண்ணை போனில் கேட்டார்.

"இருக்கப்போறன்" என்றேன்.

அவர் அதை ஒரு பதிலாகவே எடுக்கவில்லை. இந்த வீட்டை விட்டு ஒருமுறை சண்டைக்குள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது காணும், இன்னொருமுறை பெட்டி கட்ட என்னால் ஏலாது என்பதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்த? விற்க முதல் வீட்டைத் திருத்திப் பெயின்ற் அடிக்கச் சொன்னார். ஒரு காலத்தில் என்னைப் பவுடர் பூசிக் கதிரையில் இருத்திப் பெண் பார்க்க வைத்தார்கள். இப்போது வீட்டின் முறை.

கூரை வேலை ஒழுங்காக முடிந்தது. பெயின்ற் அடிக்க வந்த பாஸ்தான் முன்பக்கத்துக்கு ஒரு பூச்சுப் பூசிவிட்டு, "நாளைக்கு வாறன் அக்கா" என்று போனார். அவருடைய நாளை இன்னும் விடியவில்லை. கோபத்தில் அப்பாவின் பழைய சேட்டைப் போட்டுக்கொண்டு நானே ஏணியில் ஏறினேன். சுவரைச் சுரண்டினேன், சண்டை நேரம் செல் வெடித்துத் துண்டுகள் குத்திய ஓட்டைகளை அடைத்தேன். தெருவால் போன சைக்கிள்களுக்கெல்லாம் எங்கள் கேற்றடியில்தான் காற்றுப் போனது.

வெள்ளைப் பெயின்றுக்குள் நிறப் போத்தலை ஊற்றிக் கலக்க வேண்டும். முழு வீட்டுக்கும் ஒன்றாகக் கலக்க வேண்டும் என்று ஆர் எனக்குச் சொன்னது? கறிக்கு உப்புப் போடுகிற மாதிரிக் கண்மதிப்பில் வாளி வாளியாகக் கலந்தேன். முன்பக்கமும் கிழக்குப் பக்கமும் எப்படியோ இளமஞ்சளாக ஒத்து வந்தன. அடுப்பெரிகிற குசினிப் பக்கச் சுவர் காய்ந்தபின் பார்த்தால், ஐயோ கடவுளே, பழுத்த பூசணிக்காய்!

பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்தா. "என்ன பிள்ளை, அந்தப் பக்கம் மட்டும் வேற நிறம்?"

பிழை விட்டேன் என்று அவாவிடம் சொல்வதைவிடக் கடலுக்குள் இறங்கலாம். "கண்ணூறு மாமி. பாக்கிறவையின்ர கண் முதல்ல அதில விழுந்திடும். மிச்ச வீடு தப்பிடும்" என்றேன்.

மாமி நெஞ்சில் கை வைத்தா. "அதுதானே! உது எங்கட மூளைக்கு ஓடேல்லையே!"

அந்தக் கிழமையே தன் வீட்டுக்கும் அடிக்கச் சொல்லி வந்துவிட்டா. அவாவின் வீட்டில்தான் ஒழுங்காகக் கலக்கப் பழகினேன். பிறகு மாமியின் சம்பந்தி வீடு, அதன்பின் வெளிநாட்டிலிருந்து ஆக்கள் வரப்போகிற வீடுகள். எல்லோருக்கும் ஒரு கண்ணூறுச் சுவர் வேண்டும். உதவிக்கு இரண்டு பெண்களைச் சேர்த்தேன். ஊர் எனக்குப் பெயின்ற் அக்கா என்று பெயர் வைத்தது. நெளுக்குளம்வரை வேலைக்குப் போனேன், அங்கே ஒருவர் பழைய கதவின் நிறத்திலேயே புதுக் கதவும் வேண்டும் என்று அடம்பிடித்தார். செய்து கொடுத்தேன், எது பழசு என்று அவரே தடுமாறினார். விற்கப்போகிற வீட்டால் எனக்கு ஒரு தொழில் கிடைத்தது. நல்ல பகிடிதான்.

ஆடித் திருவிழாவோடு அண்ணை வந்து இறங்கினார். அடுத்தநாளே வீடு வாங்க ஒரு கடைக்காரரும் வந்துவிட்டார். அறை அறையாகப் பார்த்தார், கிணற்றுத் தண்ணீர் குடித்துப் பார்த்தார். எல்லாம் பிடித்துக்கொண்டது.

"அந்தக் குசினிச் சுவரை மட்டும் மற்றச் சுவர் மாதிரி ஆக்கித் தாங்கோ. பிறகு உறுதியை முடிப்பம்" என்றார்.

அண்ணை என்னைப் பார்த்தார். "ஒரு காலமை வேலைதானே?"

"இல்லை அண்ணை. மற்றச் சுவரின்ர நிறத்தைத் திருப்பி எடுக்க ஏலாது."

முதல்நாள் பின்னேரம் விறாந்தையில் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டுதான், "எந்தப் பழைய நிறமெண்டாலும் அச்சொட்டா எடுத்துத் தருவன், யோசியாதையுங்கோ" என்று ஒரு வாடிக்கைக்காரிக்குப் போனில் வாய் கிழியச் சொல்லியிருந்தேன். அண்ணை பூசணிச் சுவரைக் கையால் ஒருமுறை தட்டினார். பிறகு கடைக்காரரிடம் திரும்பினார்.

"அவா சொன்னால் சரி. உது சரிவராது, நீங்கள் வேற இடம் பாருங்கோ."

மனிதர் போனதும் அண்ணை குரல் தாழ்த்திச் சொன்னார்: "அம்மா கடைசியில சொன்னவா. கலியாணம் ஆகேல்லையெண்டு பாக்காத, வீட்டை அவளுக்கு எழுது எண்டு. நான்தான் பாப்பம் பாப்பம் எண்டு விட்டிட்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு காலமோ? போனில சொன்னால் வாய் நோகுமோ? நான் ஒவ்வொரு இரவும் எங்க போறதெண்டு தெரியாமல் கிடந்து முழிச்சனான்!" கத்திய கத்தலில் மாமி வேலியடிக்கு வந்துவிட்டா. பிறகு அழுதேன். அண்ணையும் அழுதார், அவருக்கு அது வடிவாக வராது.

அந்தக் கிழமைக்குள் நொத்தாரிசிடம் போனோம். உறுதியில் என் பேர் மட்டும்.

அடுத்தநாள் விடிய வாளியை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனேன். மாமியிடம் கண்ணூறுக் கதை கேட்டிருந்த அண்ணை, பல் துலக்கிக்கொண்டு வந்தவர், திகைத்துப் போனார்.

"என்ன செய்யிறாய்? கண்ணூறு படப்போகுது!"

"படட்டும். என்ர வீடுதானே" என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் சுவர் முழுக்க இளமஞ்சளாகிவிட்டது.