வரிசை வாத்தியார் சொன்ன பொய்

மீன்தொட்டி கழுவுவதுதான் அவருடைய தொழில். பல் மருத்துவமனை, வங்கி, ஓட்டல் வரவேற்பறை என்று கண்ணாடிக்குள் மீன் நீந்தும் இடங்களுக்கெல்லாம் வாளியும் ரப்பர் குழாயுமாகப் போய் நிற்பார். அதற்கென ஒரு சின்ன மின்சார வேன். உள்ளே எப்போதும் பாசி வாடை. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏறுவாள்.

பேரங்காடிக்குப் பின்னால் இருந்த சார்ஜிங் நிலையத்தில் அவருக்கு வரிசை வாத்தியார் என்று பெயர். அங்கே இரண்டே சார்ஜர்கள். அதில் ஒன்று அடிக்கடி மக்கர் பண்ணும். வண்டியை மாட்டிவிட்டுக் கடைக்குள் போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள். அடுத்தவர் வண்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கித் தன் வண்டியில் செருகிக்கொண்ட ஆளால் ஒருமுறை கைகலப்பே ஆனது. இவர்தான் ஒவ்வொருவரிடமும் பேசிப் பேசி ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார். வருகிறவர்கள் சுவரோரம் வரிசையாக நிற்கவேண்டும். போன் நம்பரைக் கண்ணாடியில் வைக்காமல் நகரக்கூடாது. எண்பது சதவீதம் ஏறியதும் அடுத்தவருக்கு விட்டுவிடவேண்டும், அதற்கு மேல் ஆமை வேகத்தில்தான் ஏறும் என்பதால். மீறியவர்களை நாலு பேர் எதிரில் வாங்கு வாங்கென்று வாங்குவார். ஒரு டாக்சிக்காரர் அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டு, பிறகு அவருக்கே சிநேகிதரானார்.

ஒரு சனிக்கிழமை மாலை வேனில் சார்ஜ் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. வீட்டில் டிவியில் கால்பந்து இறுதி ஆட்டம். வரிசையோ நீளமாக இருந்தது. முதலாவதாக நின்றவள் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்த தையல்காரம்மா. கொஞ்சம் விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்கத்தான் அவளிடம் போனார். அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பதறி, "என்னண்ணே, ஏதாவது அவசரமா?" என்றாள். அந்தப் பதற்றத்துக்கு எதிரே கால்பந்து என்று சொல்ல நா எழவில்லை.

"பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சாம். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

சொன்னதுதான் தாமதம், வரிசையே விலகியது. டாக்சிக்காரர் தன் காரைப் பின்னுக்கு எடுத்து வழிவிட்டார். தையல்காரம்மா தானே ஒயரை இழுத்து வந்து வேனில் மாட்டினாள். போதுமான அளவு ஏறியதும் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் கிளம்பினார். ஆட்டத்தை முழுதாகப் பார்த்தார். யார் ஜெயித்தார்கள் என்று மனைவி கேட்டபோது யோசித்துத்தான் சொல்ல முடிந்தது.

அவருடைய மகள் வேறு ஊரில் இருந்தாள். கல்யாணமாகி வருடங்கள் ஓடிவிட்டன. ஒருமுறை உண்டாகி, தங்காமல் போனது. அதன்பிறகு அந்த வீட்டில் குழந்தை என்ற பேச்சையே யாரும் எடுப்பதில்லை. எத்தனையோ பொய் இருக்க, அந்தப் பொய் எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை.

கொஞ்ச நாள் தொலைவிலிருந்த வேறொரு நிலையத்துக்குப் போய்ப் பார்த்தார். கட்டுப்படியாகவில்லை. பழைய இடத்துக்குத் திரும்பியதும், பொண்ணா பையனா என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பொண்ணு என்றார். சுகப்பிரசவமா என்றதற்குத் தலையாட்டினார். இனி நீங்க வரிசையில நிக்கச் சொல்லித் திட்ட வீட்டிலேயே ஓர் ஆள் வந்தாச்சு என்று டாக்சிக்காரர் சிரிக்க, இவரும் சிரித்துவைத்தார்.

அடுத்த தடவை தையல்காரம்மா ஒரு குட்டிக் கவுனைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிஞ்சு உடம்பில் உறுத்தாதபடி தையலை உள்ளே மடித்து அடித்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. வாங்கி, வாளிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். தூக்கிப்போடக் கை வரவில்லை.

வேனைக் கழுவ வந்த மனைவி அதை எடுத்துவிட்டாள். யாருக்கு என்று கேட்டாள். அவர் ஒன்றும் மறைக்கவில்லை. அவள் வேனின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மேட்ச் பாக்கறதுக்கா நம்ம பொண்ண இழுத்தீங்க?"

கவுனை ஈரம் படாமல் மடித்து அவர் மடியில் வைத்தாள். தைத்தவள் கையிலேயே கொடுத்து உண்மையைச் சொல்லிவிட்டு வரவேண்டும், மகள் காதுக்கு மட்டும் இது போகக்கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர் போனார். வரிசையில் எல்லோரும் இருக்கும்போதே சொன்னார். டாக்சிக்காரர் முதலில் விளையாட்டென்று நினைத்தார்; பிறகு, நல்லா ஏமாத்தினீங்க வாத்தியாரே என்று தோளில் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு அடி வாங்கியதைவிட மோசமாக இருந்தது. தையல்காரம்மா சிரிக்கவில்லை.

"அன்னைக்கு எங்கப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சு கூட்டிட்டு வரணும்," என்றாள். "கட்டுப் போட்ட கண்ணோட ஆஸ்பத்திரி வாசல்ல தனியா உக்காந்திருந்தாரு. ஏம்மா லேட்டுன்னு கேட்டப்ப உங்க பொண்ணு சமாச்சாரத்தச் சொன்னேன். நல்ல காரியம் பண்ணினம்மான்னாரு. இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காரு, அந்தக் குழந்தை எப்படியிருக்குன்னு. நான் என்னண்ணே சொல்லட்டும்?"

கவுனை நீட்டினார். வாங்கித் தன் காரின் பின்சீட்டில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அதன்பிறகும் அவர் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார். யாராவது குறுக்கே புகுந்தால் வாய் திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். அதட்டுகிற வேலையை டாக்சிக்காரர் எடுத்துக்கொண்டார், கேலியும் கிண்டலுமாக.

ஒருநாள் அவருக்கு அடுத்து நின்றது தையல்காரம்மாவின் கார். சார்ஜர் காலியானதும் இறங்கிப் போய், நீ முதலில் போடம்மா என்றார்.

"என் முறை வந்ததும் போட்டுக்கறேண்ணே," என்றாள். குரலில் கோபமே இல்லை.

அப்பாவுக்குக் கண் எப்படியிருக்கிறது என்று கேட்டார். நல்லாத் தெரியுது என்றாள். அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டாளா என்று கேட்கத்தான் அவர் இறங்கிப் போனது. கேட்கவில்லை. வேனை முன்னால் எடுத்து, ஒயரை மாட்டி, நம்பர் எழுதிய அட்டையைக் கண்ணாடியில் வைத்தார். கடைக்குப் போகவேண்டிய வேலை இருந்தும் போகாமல், எண்பது ஏறும்வரை வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.