பொன்மலர் நீக்க மறுத்த வரி

ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலை ஒன்றில் தோல் வெட்டும் பணியில் இருந்த ஆரோக்கியசாமியின் மகள் பொன்மலர், 1995ஆம் ஆண்டு வேலூர்க் கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியல் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார். அத்துறையின் ஆய்வகக் கண்காணிப்பாளராக அப்போது நான் இருந்தேன். நேரில் கண்டதையே எழுதுகிறேன்.

ஒரு பாக்டீரியாவின் சவ்வில் பதிந்துள்ள நொதி ஒன்றைப் பற்றியது அவருடைய ஆய்வு. அந்நொதியின் துணையலகு ஒன்று, செருப்பின் மேல்தோலில் ஓடும் நூலைப்போல, சவ்வை உள்ளும் புறமுமாகப் பலமுறை ஊடுருவிச் செல்கிறது. அதன் வால் முனை உயிரணுவின் உட்புறம் முடிகிறதா, வெளிப்புறமா என்பதே கேள்வி. வெளிப்புறம் என்று 1986இல் கட்டுரை எழுதிப் பெயர் பெற்றவர், அவருடைய நெறியாளரான பேராசிரியர் சுந்தரமூர்த்தி.

பொன்மலர் பாக்டீரியாவின் மேலுறையை மட்டும் நீக்கி, சவ்வு கிழியாதபடி காத்து, புரதத்தை அரிக்கும் டிரிப்சினை அதில் சேர்த்தார். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அரிபடும். உள்ளே இருப்பது தப்பும். வால் தப்பியது. ஏழு முறை செய்தார். ஏழு முறையும் தப்பியது. டிரிப்சின் கெட்டிருக்கும் என்றார் பேராசிரியர். வெளியே இருப்பதாக எல்லாரும் அறிந்த வேறொரு புரதம் அதே குழாயில் அரிபட்டிருந்ததைப் பொன்மலர் காட்டினார். பேராசிரியர் முகம் கொடுக்கவில்லை. பழைய முடிவையே எழுதிப் பட்டத்தை வாங்கிக்கொண்டு போகும்படி மற்ற மாணவர்கள் அறிவுறுத்தினர்.

பொன்மலர் அதைச் செய்யாமல், பேராசிரியரின் 1986ஆம் ஆண்டுக் குறிப்பேட்டைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு என்னிடம் வாங்கிச் சென்றார். விடை அதில் இருந்தது. பேராசிரியர் அன்று உயிரணுக்களை அழுத்தக் கருவியில் உடைத்திருக்கிறார். அப்படி உடையும் சவ்வு சிறு குமிழ்களாக மூடிக்கொள்ளும்போது உட்புறம் வெளியே திரும்பிவிடும். அதைக் கருதாமல், அரிபட்ட வாலை வெளிப்புறத்தது என்று கணித்துவிட்டார்.

பொன்மலர் இதை அவரிடமே சொன்னபோது நான் அறையில் இருந்தேன்.

"இன்னாம்மா, எனக்கே பாடம் எடுக்குறியா?" என்றார் அவர்.

"பாடம் இல்ல சார். ஏழு தடவ நான் பாத்துட்டேன். எட்டாவது தடவ நீங்க பாருங்க. ரெண்டு விதமாவும் தயார் பண்ணி, குழாய்ல வெறும் நம்பர் மட்டும் போட்டுத் தர்றேன். எது எந்த நம்பர்னு கண்காணிப்பாளர் சார்கிட்ட இருக்கட்டும்."

பேராசிரியர் மறுக்காமல் தம் கையாலேயே சோதனையைச் செய்து முடித்தார். எண்களின் பட்டியலை என் அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தேன். உடைத்த சவ்வில் வால் அரிபட்டிருந்தது. முழு உயிரணுவில் தப்பியிருந்தது. அவர் புரதக் கோடுகள் பதிந்த எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்துப் பார்த்தார்.

புதிய முடிவை ஏற்றுக்கொண்டார். ஆயினும் ஒரு நிபந்தனை விதித்தார். பழைய முடிவு எவ்வாறு பிழையாயிற்று என்று விளக்கும் வரியை ஆய்வேட்டிலிருந்து நீக்கினால்தான் கையெழுத்து. பொன்மலர் நீக்கவில்லை. நெறியாளரை மாற்றிக்கொள்ள விண்ணப்பித்தார். ஓராண்டு வீணானது, உதவித்தொகையும் நின்றது. ஒரு வரிக்கு இவ்வளவு பிடிவாதமா என்று ஆரோக்கியசாமி வருந்தினார். மகள் ஆம்பூரிலிருந்து, காட்பாடியில் இருந்த புதிய நெறியாளரிடம் நாள்தோறும் ரயிலேறிப் போய்வந்தார்.

1999இல் வாய்மொழித் தேர்வு நடந்தது. அது பொதுத் தேர்வு. அவையில் இருப்பவர் எவரும் கேள்வி கேட்கலாம். சுந்தரமூர்த்தி எழுந்தார்.

"முடிவு மாறிடுச்சின்னு சொன்னா போதாதா? எப்படித் தப்பாச்சின்னு வேற எதுக்கு?"

"எப்படின்னு எழுதலன்னா அந்த மெஷின்ல அடுத்து உடைக்கிறவங்களும் இதே தப்பப் பண்ணுவாங்க சார். உங்களக் கொற சொல்ல எழுதல. ஆனா அந்த வரிய எடுக்க மாட்டேன்."

வரியின் சொற்களையாவது சற்றுத் தணிக்கலாமா என்று புறத்தேர்வாளர் கேட்டார். எந்தச் சொல் பொய் என்று காட்டினால் மாற்றுவதாகப் பொன்மலர் பதிலளித்தார். ஒருவரும் காட்டவில்லை. சுந்தரமூர்த்தி உட்கார்ந்தார்.

பட்டம் பரிந்துரைக்கப்பட்டதும் பலரும் கைகுலுக்கினர். சுந்தரமூர்த்தி வாழ்த்தாமல் வெளியேறினார். பொன்மலர் அதை எதிர்பார்த்து நிற்கவும் இல்லை. ஆம்பூர்ப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஆய்வேட்டை அள்ளிக்கொண்டு கிளம்பினார்.