கிடைக்காதவர் பட்டியல், எண் 117

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் முதல் நான்கு கேள்விகளுக்குப் பதில் வந்துவிடும். "வீட்ல மூணு பேரு, கட்டில் ரெண்டு, மிஷின் ஒண்ணு, மோட்டார் இல்ல. எழுதிக்கங்க சார்." கால் பெடலில், கை ஜிப்பில், கண் மட்டும் என் பேனாவின் மேல். "நாலாவது கட்டத்துல டிக் போடலையே?" என்பார். போட்டுவிடுவேன்.

பேருந்து நிலையத்தின் பின்சந்தில், இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு கதவு அகலத்துக்கு இடம். அங்கேதான் இந்த அம்மாள் பைகளுக்கு ஜிப் மாற்றித் தைக்கிறார். எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கிடையாது, நூற்றுப் பதினேழு. அவர் எனக்கு வைத்த பெயர் 'கேள்விக்காரர்'. இரண்டில் எது மரியாதை என்று என்னைக் கேட்காதீர்கள்.

கடல் தாண்டிய ஒரு நாட்டுக்கு ஓர் ஆசை வந்தது. தையல் மிஷினுக்கு மோட்டார் கொடுத்தால் வறுமை குறையுமா? பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள். மீதிப் பாதிக்குக் கொடுக்கவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே! குலுக்கிப் போட்டதில் இவர் கிடைக்காதவர் பட்டியலில் விழுந்தார். வருடம் ஒருமுறை போய், "இன்னும் கஷ்டம்தானா?" என்பதையே நூறு விதமாகக் கேட்டு, ஒரு சோப்புக் கட்டி கொடுத்து, அதை வாங்கிக்கொண்டதற்கு இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கி வருவது என் உத்தியோகம். இதற்குப் பொருளாதாரத்தில் முதுகலை படித்திருக்க வேண்டும். படித்திருக்கிறேன்.

இவருடைய ஓரகத்திக்கு அதே குலுக்கலில் மோட்டார் விழுந்தது. அந்த அம்மாள் இப்போது என் தலையைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்கிறார். இவரோ நான் வரும் வாரத்தில் ஸ்டூலைத் துடைத்து வைக்கிறார். "அவளை விடுங்க சார், அவளுக்கு ஏது நேரம்? அவ பதிலையும் நானே சொல்லிடவா? அவ வீட்டு விஷயம் எனக்குத் தெரியாததா!" ஒருமுறை சபலப்பட்டு எழுதக்கூடப் பார்த்தேன்.

ஏழாவது வருடம் இவர்களுக்கும் மோட்டார் உண்டு என்பது நாங்கள் எழுத்தில் கொடுத்த வாக்கு. அதை நம்பித்தான் அந்த வலது முழங்கால் மிதித்துக்கொண்டிருக்கிறது. வீங்கிப்போய், துணிப்பட்டி சுற்றியிருக்கும். பெடலைத் தொடாதே என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது. "டாக்டருக்கென்ன, வாய் வலிக்காம சொல்லிட்டாரு. உங்க மோட்டார் வர்ற வரைக்கும் தாங்கினா போதும் சார்."

எங்கள் கடைசிக் கேள்வி இது: 'அடுத்த வருடம் உங்கள் நிலைமை இதைவிட நன்றாக இருக்குமா?' முதல் வருடம் "சொல்லத் தெரியல" என்றார். "அது கணக்குல வராதும்மா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் "ஆமாம்"தான்.

போன மாதம் கடிதம் வந்தது. அந்த நாடு உதவியை நிறுத்திவிட்டதாம். மோட்டார் இல்லை. கடைசி வரியில் நானும் இல்லை. ஒளிப்பானேன், முதலில் என் சம்பளத்தைத்தான் நினைத்தேன். அவரைப் பார்க்கக் கிளம்பி, பேருந்தில் பாதி வழி போனபிறகே அந்த முழங்கால் ஞாபகத்துக்கு வந்தது.

"மோட்டார் வராதும்மா" என்றேன். பெடல் நின்றது.

"மத்தவங்களுக்கும் இல்லையா?"

"யாருக்குமே இல்ல."

"ஆறு வருஷத்துல ஒரு கேள்விக்குக்கூட நான் பொய் சொல்லலையே சார்."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "எனக்கும் வேலை போச்சும்மா" என்றேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் ஸ்டூலைத் துடைத்தார். "உக்காருங்க. வீட்ல எத்தனை பேரு?"

"நாலு."

"சம்பாதிக்கிறவங்க?"

'ஒருத்தர்' என்று வாய் வரைக்கும் வந்தது திரும்பிப் போயிற்று. "யாருமில்ல."

"அவசரம்னா கைமாத்து கேக்க ஆள் உண்டா?"

"மாமனார் இருக்காரு. எந்த முகத்தோட கேக்கறது?"

"உண்டா, இல்லையா?"

"உண்டு."

ஒரு கேள்வியைக்கூட விடவில்லை, வரிசையும் மாறவில்லை. எனக்குக் காது மடல் சுட்டது. ஆறு வருடம் அடுத்தவரிடம் இதையெல்லாம் எப்படித்தான் கேட்டேனோ! கடைசியாக, "அடுத்த வருஷம் உங்க நிலைமை இதைவிட நல்லா இருக்குமா?" என்றார்.

"சொல்லத் தெரியலம்மா."

"அது கணக்குல வராது சார். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ஆமாம்" என்றேன்.

மிஷின் டிராயரைத் திறந்து, போன வருடம் நான் கொடுத்த சோப்பை, உறை பிரிக்காதது, எடுத்து என் கையில் வைத்தார். பழக்க தோஷம், நான் பேனாவைத் திறந்தேன். "எங்க கையெழுத்துப் போடணும்?"

"ஒரு சோப்புக்கு எதுக்கு சார் கையெழுத்து?" என்றவர், முழங்காலில் தளர்ந்திருந்த துணிப்பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு காலைப் பெடலில் வைத்தார்.