சின்ன டீச்சர் இறங்கிக்கொண்ட காலை

விமானப் பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் அவளைச் சின்ன டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் குள்ளம். இருக்கையில் ஒரு சின்ன மெத்தையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தால்தான் அவளுக்கு ஓடுபாதை முழுசாகத் தெரியும். வயது இருபத்தாறு. பயணிகள் விமானம் ஓட்டுவதற்கான உரிமம் அவளிடம் இருந்தது. விமானம்தான் இல்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு இது புரிவதில்லை. உரிமம் வாங்கிவிட்டால் மறுநாளே தொப்பி மாட்டிக்கொண்டு, சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். உரிமம் வாங்கும்போது ஒருவர் இருநூறு மணி நேரம் பறந்திருப்பார். அவள் குறிவைத்திருந்த நிறுவனமோ ஆயிரம் மணி நேரம் பறந்தவர்களைத்தான் உள்ளே விடும். நடுவில் இருக்கும் எண்ணூறு மணி நேரத்தை எங்கே போய்ப் பறப்பது? சொந்தக் காசில் பறக்க முடியாது. படிப்புக்காக ஏற்கெனவே சொந்த வீட்டை விற்றுவிட்டு, ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு வந்துவிட்டார்கள். அதனால் அவளைப் போன்றவர்கள் சின்ன விமானத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவார்கள். இடப்பக்கம் மாணவர், வலப்பக்கம் டீச்சர். விமானம் பறக்கிற நேரம் இருவருடைய பறப்பு ஏட்டிலும் ஏறும்.

சம்பளமும் அந்த நேரத்துக்கு மட்டும்தான். பனி விலகக் காத்திருந்தால் இல்லை. மழை பெய்தால் இல்லை. கரும்பலகையில் காற்றோட்டம் வரைந்து விளக்கினால் அதற்கும் இல்லை. அப்பா முப்பது வருஷமாகப் பஸ் டிரைவர். அவருக்கு இது கடைசிவரை செரிக்கவில்லை.

“வண்டி ரிப்பேராகி டிப்போவுல நின்னாக்கூட எனக்குச் சம்பளம் உண்டு. நீ ஆகாசத்துல ஓட்டுறவ. உனக்குத் தரையில நின்னா ஒண்ணும் கிடையாதா?”

“கிடையாதுப்பா.”

“அப்போ நீ டிரைவரே இல்லம்மா. மீட்டரு.”

சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். ஆனால் அந்த மாதம் அவர் சிரிக்கவில்லை. நிறுவனம் பதினைந்து பேரைப் புதிதாகச் சேர்ப்பதாக அறிவித்திருந்தது. மாதக் கடைசிக்குள் ஆயிரம் மணி நேரம் முடித்தவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம்.

இதில் தேதி எவ்வளவு முக்கியம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விமான நிறுவனத்தில் சேரும் நாளில் ஒரு வரிசை எண் கொடுப்பார்கள். துணை விமானியாக எத்தனை வருஷம் உட்காருவது, எப்போது கேப்டன் ஆவது, எந்த ஊருக்குப் பறப்பது, விடுமுறை எப்போது கிடைக்கும் என்று எல்லாமே அந்த எண்ணைப் பொறுத்தது. திறமை இருந்தாலும் முன்னால் நிற்பவரைத் தாண்ட முடியாது. அப்பாவின் டிப்போவிலும் அதே முறைதான். வேலையில் சேர வேண்டிய நேரத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் பிந்தியே சேர்ந்தார். அந்த மூன்று நாளுக்குள் இன்னொருவர் சேர்ந்துவிட்டார். பஸ் தடம் பிரிக்கும்போதெல்லாம் அந்த இன்னொருவருக்குத்தான் முதல் தேர்வு.

“மூணு நாள் காய்ச்சலுக்கு இருபத்திரெண்டு வருஷம் மலைப்பாதை ஓட்டினேன்” என்றார் அப்பா. “நீ அந்தத் தப்பைப் பண்ணாதே.”

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. பள்ளியில் இருந்த இரண்டு விமானங்களில் ஒன்று எஞ்சினைக் கழற்றிப்போட்டுக் கொட்டகையில் கிடந்தது. மாணவர்களில் பலர் எழுத்துத் தேர்வுக்காக வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் கைவசம் மிச்சமிருந்தது லைன்மேன் ஒருவர்தான். தினமும் காலை ஏழு மணியிலிருந்து எட்டரை வரை அவருடைய நேரம்.

அவர் மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவர். முப்பத்தாறு வயது. சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு விமானம் ஓட்டக் கற்க வந்திருந்தார். வீடு மனைவியின் சம்பளத்தில் ஓடியது. அவளைவிடப் பத்து வயது பெரியவர் என்றாலும் அவளுக்குச் சின்ன டீச்சர் என்று பெயர் வைத்தவரே அவர்தான். அவள் அவரை அண்ணா என்பாள்.

“இத்தனை வருஷமா கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு மேல ஏறினேன் டீச்சர். இப்போ கம்பம் இல்லாம ஏறப் பாக்குறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.”

கை நிதானமான ஆள். போன வாரமே அவர் தனியாகப் பறக்கத் தயாராகிவிட்டார். சக்கரம் தரையைத் தொடுவது உடம்புக்குத் தெரியாதபடி இறக்கினார். அவளுக்கு அது நன்றாகவே தெரியும்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. தனியாக விட்டுவிட்டால் அடுத்த பத்து மணி நேரத்தை மாணவர் தனியாகவே பறந்து முடிக்க வேண்டும் என்பது பள்ளியின் விதி. டீச்சர் தரையில் நிற்பார். ஏட்டில் நேரம் ஏறாது, பையில் சம்பளமும் விழாது.

இதற்கு டீச்சர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. யாரும் வெளியே பேசுவதில்லை. தயாரான மாணவரின் பயிற்சிப் புத்தகத்தில், “தரையிறக்கம் இன்னும் மெருகேற வேண்டும்” என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாத வரி. அந்த ஒரு வரியில் இரண்டு நாள், மூன்று நாள் கூடுதலாகக் கிடைத்துவிடும். அவள் அந்த வரியை லைன்மேன் புத்தகத்தில் ஐந்து நாள் எழுதியிருந்தாள்.

மற்ற டீச்சர்களில் மூத்தவருக்குக் கிழவர் என்று பட்டப்பெயர். வயது முப்பத்தொன்றுதான். அந்தப் பள்ளியில் ஆறு வருஷம் இருந்ததால் அப்படி ஆகிவிட்டது. அவருக்கு ஆயிரம் எப்போதோ முடிந்துவிட்டது. இந்தப் பதினைந்து இடத்துக்கு அவரும் விண்ணப்பித்திருந்தார். தேநீர் மேசையில் அவள் புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“ரொம்ப யோசிக்காதே. எல்லாரும் பண்றதுதான். என்னையும் என் டீச்சர் பத்து நாள் பிடிச்சு வச்சார்.”

“அவர் இப்போ எங்க இருக்கார்?”

“கேப்டன்.”

ஆறாவது நாள் காலை. இறங்கி, விமானத்தை ஓரமாக நிறுத்தி, அவள் வழக்கமான வரியை எழுதிக் கொடுத்தாள். மீதி எட்டு நாள். ஆயிரத்துக்கு அவளுக்கு இன்னும் பன்னிரண்டு மணி நேரம் தேவை. நாளுக்கு ஒன்றரை என்று பிசகாமல் போனால் கச்சிதமாக முடியும். லைன்மேன் புத்தகத்தை இறக்கையின்மேல் விரித்து வைத்துப் படித்தார். வழக்கம்போல் கேலி பேசவில்லை.

“எந்த இடத்துல டீச்சர்?”

“என்ன அண்ணா?”

“மெருகு எந்த இடத்துல குறையுது? சக்கரம் தொடும்போதா? அதுக்கு முன்னாடி மூக்கைத் தூக்குறேனே, அப்பவா? வீட்டுல நாற்காலியில உக்காந்து துடைப்பக் கட்டையைப் பிடிச்சுக்கிட்டு பழகுறேன். எந்த இடம்னு தெரிஞ்சா அதை மட்டும் பழகலாம்ல?”

அவள் வாயைத் திறந்தாள். ஒரு இடத்தைச் சொல்லியிருக்கலாம். எந்த இடத்தைச் சொன்னாலும் அவர் நம்பியிருப்பார். அதனாலேயே சொல்ல முடியவில்லை.

“பொதுவாச் சொன்னேன்” என்றாள்.

லைன்மேன் தலையை ஆட்டினார். “வயசு தாண்டிடுச்சுன்னு நினைக்கிறேன். கை படிய மாட்டேங்குது. கொடுத்த பணத்துல இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. திங்கக்கிழமை வேலையில சேர்ந்துடறேன்னு ஆபீஸ்ல சொல்லிடலாம்னு பாக்குறேன். சம்சாரம்தான், ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கன்னு சொல்லுது.”

அவருடைய கையைவிடப் படிந்த கையை அந்தப் பள்ளியில் அவள் பார்த்ததில்லை.

“நாளைக்குப் பேசலாம் அண்ணா” என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில் ரொம்ப நிதானமாகப் பேசினார்.

“அவர் வேலைக்குத் திரும்பிடக் கூடாது. அது உனக்கும் நஷ்டம். நாளைக்குக் கெட்டிக்காரர்னு சொல்லு, தட்டிக்கொடு. எட்டு நாளும் தட்டிக்கொடு. ஆனா பக்கத்துலயே உக்காந்துக்க. அவருக்கும் நல்லது, உனக்கும் நல்லது. இதுல என்ன பாவம்?”

“அவர் காசுப்பா அது.”

“வித்தது யார் வீடும்மா?”

உள்ளே அம்மாவின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது நின்றது. பிறகு மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அப்பா சொன்னது தப்பு என்று அவளால் சொல்ல முடியவில்லை. எட்டே எட்டு நாள். லைன்மேனுக்குத் தைரியமும் திரும்பிவிடும். அவள் அதை அப்படியும் இப்படியும் புரட்டிப் பார்த்தாள். எப்படிப் புரட்டினாலும், ஒரு ஆள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து இல்லாத தப்பைத் திருத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் காற்று அசையவில்லை. லைன்மேன் ஒரு சுற்றுப் போய் இறக்கினார். சக்கரம் தொட்டதே தெரியவில்லை. அவள் ஓரமாக நிறுத்தச் சொன்னாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட்டை அவிழ்த்தாள். மெத்தையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“எங்க டீச்சர் போறீங்க?”

“இறங்குறேன்.”

“ஐயோ, நான் என்ன தப்பு பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல அண்ணா. ஒரு வாரமாவே ஒண்ணும் பண்ணல. மூணு சுற்றுப் போயிட்டு வாங்க. நான் இல்லாததால வண்டி சட்டுனு மேல ஏறும், பயப்படாதீங்க.”

லைன்மேன் அவளையே பார்த்தார். ஏதோ கேட்கப் போனார். அவள் கதவைச் சாத்தி, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, குனிந்தபடி புல்வெளிக்கு நடந்தாள்.

விமானம் பாதி ஓடுபாதையிலேயே தரையை விட்டது. மேலே போகப் போக எஞ்சின் சத்தம் மெலிந்தது. அவள் கையில் பேசும் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச வேண்டிய அவசியமே வரவில்லை. மூன்று முறையும் அவர் நேர்கோட்டில் வந்து, சரியான இடத்தில் இறங்கினார். மூன்றாவது சுற்றில் அவள் அழுதுகொண்டிருந்தாள். யாருக்காக என்று கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள். லைன்மேனுக்காக இல்லை.

அவர் இறங்கி ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

“டீச்சர்! துடைப்பக் கட்டை வேலை செஞ்சிடுச்சு பாத்தீங்களா!”

அந்தச் சிரிப்பை அப்படியே விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை.

“அண்ணா, போன வாரமே உங்களைத் தனியா விட்டிருக்கணும். உங்ககிட்ட ஒரு குறையும் இல்ல. எனக்கு மணி நேரம் தேவைப்பட்டுச்சு. அதான் எழுதினேன்.”

லைன்மேனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரிப்பு ஒவ்வொரு பல்லாக உள்ளே போனது.

“ஆறு நாள்” என்றார். பிறகு, “சம்சாரத்துகிட்ட எனக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டேனே” என்றார். கையுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் ஏழு மணிக்குச் சரியாக வந்தார். “குட் மார்னிங் மேடம்” என்றார். அதன் பிறகு டீச்சர் என்று கூப்பிடவே இல்லை.

அந்த வாரம் முழுக்க அவர் வானத்தில் இருந்தார், அவள் புல்லில் நின்றாள். கடைசி இரண்டு நாளில், எழுத்துத் தேர்வு முடித்துத் திரும்பிய ஒரு மாணவரோடு நாலு மணி நேரம் கிடைத்தது. மாதம் முடிந்தபோது எட்டு மணி நேரம் குறைவு. விண்ணப்பத்தை அனுப்பித்தான் பார்த்தாள். மூன்றே வரியில் பதில் வந்தது. கிழவருக்கு இடம் கிடைத்தது. போகும்போது தன் மேசையின் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த அழைப்பு ஆறு மாதத்தில் வரும் என்றார்கள். வரவில்லை. நிறுவனம் இன்னொரு சின்ன நிறுவனத்தை வாங்கி, அதில் இருந்த இருநூறு விமானிகளையும் தன் வரிசையின் கடைசியில் சேர்த்தது. புது ஆட்களுக்குத் தேவை இல்லாமல் போயிற்று. அவள் இரண்டு வருஷம் ஏழு மாதம் அதே பள்ளியில், அதே வலப்பக்க இருக்கையில் இருந்தாள். தயாரான அன்றே மாணவர்களைத் தனியாக விட்டாள். அதனால் அவளிடம் வர ஆசைப்பட்டவர்கள் அதிகம். அவள் ஏட்டில் ஏறிய நேரம் மற்றவர்களைவிடக் குறைவு. லைன்மேன் உரிமம் வாங்கி, வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானத்துக்குப் போனார். கிளம்பும்போது வந்து கைகொடுத்தார். “வரேன் மேடம்” என்றார்.

கடைசியில் அவளையும் நிறுவனம் எடுத்துக்கொண்டது. பயிற்சி முடியும்வரை பாதிச் சம்பளம். முழுச் சம்பளம் வந்த பிறகும் முதல் வருஷம் அது, அப்பா ஓய்வு பெறும்போது வாங்கியதைவிடக் கம்மி. வருஷம் ஏற ஏற உயரும், ஆனால் எல்லோருக்கும் அவரவர் எண்ணிலிருந்து உயரும்.

முதல் நாள் வகுப்பில் சுவரில் வரிசைப் பட்டியல் ஒட்டியிருந்தது. கிழவர் பெயருக்கும் அவள் பெயருக்கும் நடுவில் இருநூற்றுச் சொச்சம் பேர். பக்கத்தில் நின்ற இருபத்திரண்டு வயதுப் பெண் அவளுடைய பறப்பு ஏட்டைப் புரட்டிவிட்டு ஆச்சரியப்பட்டாள்.

“அக்கா, இவ்வளவு மணி நேரம் இருக்கு, போன தடவையே வந்திருக்கலாமே? என்னாச்சு?”

நடந்ததைச் சொன்னால் அது ஒரு நல்ல கதையாக இருக்கும். ஒருவருக்காகத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தவள் என்று அந்தப் பெண் ஊரெல்லாம் சொல்வாள். ஆனால் அந்த ஆறு நாளைச் சொல்லாமல் ஏழாம் நாளை மட்டும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“எட்டு மணி நேரம் குறைஞ்சிடுச்சும்மா” என்றாள். வகுப்பு தொடங்கும் மணி அடித்தது. இருவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.